தம்பியின் சிகரெட்டும் மாத்திரையின் அளவும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். 36 வயதான என் தம்பி மனச்சிதைவு நோய்க்காக ஒன்பது ஆண்டுகளாகக் குளோசபின் சாப்பிடுகிறான். நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிப்பவன், இப்போது தானாகவே விட்டுவிடுகிறேன் என்கிறான். "அவனுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அது, பிடுங்கினால் நோய் முற்றிவிடும்" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, தம்பியின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை நழுவ விடாதீர்கள். உறவினர்கள் அன்பினால்தான் தடுக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் எண்ணுவது சரியல்ல. சிகரெட் பிடித்ததும் வரும் நிம்மதியில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட்டின் நிக்கோடின் இறங்கியதால் உண்டான பதற்றம் அடங்குவதே ஆகும். 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான, 26 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை, புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததையும், மனநோய் உள்ளவர்களுக்கும் அது பொருந்துவதையும் காட்டியது.

ஆனால் ஒன்றைச் செய்யாமல் சிகரெட்டை விடும் தேதியைக் குறிக்காதீர்கள். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டிக் குளோசபினை வேகமாகச் சிதைக்கின்றன. எனவே புகைப்பவருக்கு அதிக அளவு மருந்து தேவைப்படுகிறது. புகையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள், அதே மாத்திரைகளைச் சாப்பிட்டாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாக ஏறி, தூக்கக் கலக்கம், எச்சில் ஒழுகுதல், கடும் மலச்சிக்கல், சில நேரம் வலிப்புகூட வரலாம். இதைக் கண்டு "சிகரெட்டை விட்டதால் நோய் முற்றிவிட்டது" என்று குடும்பங்கள் பயந்துபோவதுண்டு. ஆகவே முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் இரத்தப் பரிசோதனை செய்து அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நீங்களாகக் குறைக்க வேண்டாம். டீயில் உள்ள காஃபினும் இதே வழியில்தான் சிதைவதால், டீயையும் பாதியாக்குங்கள். இல்லாவிட்டால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் புகையே தவிர நிக்கோடின் அல்ல என்பதால், சிகரெட்டுக்குப் பதிலாகத் தரப்படும் நிக்கோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் மருந்தின் அளவைக் கலைக்காது. சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மென்று விழுங்கினால் வயிறு எரியும். நாக்கில் சுருக்கென்று காரம் ஏறும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். புகைக்கும் ஆவலைக் குறைக்கும் வாரெனிக்ளின் மாத்திரையும் இருக்கிறது. சுமார் 8,000 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில் பாதிப் பேர் மனநலச் சிக்கல் உள்ளவர்கள். மனநலப் பக்கவிளைவுகள் அந்த மாத்திரையால் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்கு அருகில்தான். அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. மனநல ஆலோசனைக்கு 14416.

முதல் சில வாரங்கள் எரிச்சல் இருக்கும். தெருமுனைப் பெட்டிக்கடையில் எரியும் கயிறு கண்ணில் படாத பாதையில் தம்பியோடு நடந்து வாருங்கள். நடுவில் மறுபடி புகைக்கத் தொடங்கினால் கடிந்துகொள்ளாமல் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். குறைத்த மருந்து அப்போது போதாமல் போகும்.