எட்டாம் பந்தைச் சலுகையாகக் கொடுத்தால் வாங்கலாமா?

ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுபவர் வெல்லும் ஒன்பது பந்து பூல் ஆட்டத்தில், உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் எட்டாம் பந்தைத் தருகிறாராம்; அதைப் போட்டாலும் உங்களுக்கு வெற்றி. வேண்டாமென்றால், முதலில் 7 ஆட்டம் எடுப்பவருக்கு வெற்றி என்ற போட்டியில் 2 ஆட்டம் முன்கூட்டியே தருவாராம். எதை ஏற்பது என்று கேட்கிறீர்கள். அலுவலகம் முடிந்து ஆடப்போகிறவர் என்றே நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த 2 ஆட்டத்தை வாங்குங்கள்.

எட்டை வாங்கி அனுபவப்பட்டவன் நான். பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் உலக சாம்பியன் பங்கஜ் அத்வானி பயிற்சி பெற்ற பெங்களூரில், பந்தடிக்கும் கோலான கியூவைத் தொட்டவரெல்லாம் பாதி சாம்பியன். அல்சூரில் ஒரு மாடிக் கூடத்தில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், "தம்பி, உனக்கு எட்டு தருகிறேன்" என்றார். ஒன்பதுக்குப் பதில் எட்டைப் போட்டாலும் எனக்கு வெற்றி. தலைகால் புரியவில்லை. ஆனால் சிறிய எண்ணிலிருந்துதானே அடிக்க வேண்டும்? நான் ஐந்திலோ ஆறிலோ தவறுகிறவன். மிச்சத்தை அவர் துடைத்துவிடுவார். எட்டு மேசையிலேயே இருந்தது. எனக்குத்தான் முறை வரவில்லை.

ஒரு முறை மூன்றில் பட்டு எட்டு ஓரத்தில் இடித்து, குழியின் வாயில் ஒரு கணம் நின்று விழுந்தது. கையைத் தூக்கிவிட்டேன். "எந்தக் குழி என்று நீ சொல்லவில்லையே" என்றார் அண்ணன். எப்படி விழுந்தாலும் செல்லுமா, சொல்லி அடித்தால்தான் செல்லுமா என்று முதலிலேயே பேசியிருக்க வேண்டும். 7-2 என்று தோற்றேன்.

கணக்கும் சொல்கிறேன். பத்துக்கு ஆறு ஆட்டம் அவர் வெல்பவர் என்று வையுங்கள். சலுகை இல்லாமல் 7-க்கு ஆடினால் போட்டியை அவர் எடுக்க 77 சதவீத வாய்ப்பு. உங்களுக்கு 2 கொடுத்தால் அது 53. அதே 2-ஐக் கொடுத்து 11-க்கு ஆடினால் மறுபடியும் 67! "கொஞ்சம் நீளமாக ஆடலாமே" என்றால் காதில் வாங்காதீர்கள். எட்டு வரை தடுமாறாமல் வந்து கடைசிப் பந்தில் மட்டும் கை நடுங்குகிறவருக்கு எட்டு நல்ல சலுகைதான், அதை மறுக்கவில்லை.

சூதாட்டம் என்று யாரும் பாடம் எடுக்க வர வேண்டாம். தோற்றவர் மேசைக் கட்டணம் கொடுப்பார், அவ்வளவுதான். அந்தக் கட்டணம்தான் இன்னும் வயிற்றெரிச்சல். 1 மணி 10 நிமிடம் ஆடியதற்கு 2 மணி நேரத்துக்கு வாங்கினார்கள். கேட்டால் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார் கல்லாக்காரர். கியூ நிறுத்தும் தாங்கிக்குப் பின்னால் ஒட்டியிருந்தது.