நிறுவ முடியாதது உண்மை என்று எப்படித் தெரியும்?

கேள்வி: எந்தக் கணித முறைமையிலும் நிறுவ முடியாத உண்மைகள் இருக்கும் என்று குர்ட் கோடல் காட்டியதாகப் படித்தேன். நிறுவ முடியாது என்றால், அது உண்மை என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? கணிதமும் நம்பிக்கையில்தான் நிற்கிறதா? (முதுகலைக் கணித மாணவி ஒருவர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. ‘நிறுவ முடியாது’ என்று மொட்டையாகச் சொன்னால் தர்க்கவியலில் அது முழுமை பெறுவதில்லை. எந்த அடிகோள்களை, அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகளை, கொண்டு நிறுவ முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்மைக்கு அந்தச் சார்பு கிடையாது. 0, 1, 2 என்று செல்லும் இயல் எண்களைப் பற்றிய ஒரு கூற்று, அந்த எண்களிடம் பொருந்தினால் உண்மை. நாம் எந்த அடிகோள்களைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அது மாறாது.

1931இல் வெளியான கட்டுரையில், கூற்றுகளுக்கும் நிறுவல்களுக்கும் எண்களை இட்டு, ‘இன்ன கூற்றுக்கு நிறுவல் உண்டு’ என்பதையே எண்கணிதக் கூற்றாக்கினார் கோடல். அதைக் கொண்டு, ‘இக்கூற்றுக்கு இம்முறைமையில் நிறுவல் இல்லை’ என்று தன்னைப் பற்றியே சொல்லும் கூற்று ஒன்றை அமைத்தார். இயல் எண்களுக்கான வழக்கமான அடிகோள் முறைமையாகிய பியானோ எண்கணிதத்தில் இக்கூற்றுக்கு நிறுவல் கிடைத்துவிட்டால், அப்படி ஒரு நிறுவல் இருப்பதை வெறும் கணக்கீட்டால் அதே முறைமை உறுதிசெய்துவிடும். ‘நிறுவல் இல்லை’ என்பதையும் ‘உண்டு’ என்பதையும் ஒருசேர நிறுவி அது முரண்படும். எனவே முறைமை முரணற்றது என்றால், நிறுவல் இல்லை. கூற்று சொல்வதும் அதைத்தான். ஆகவே அது உண்மை.

‘முரணற்றது என்றால்’ என்ற அந்த நிபந்தனையில்தான் உங்கள் ஐயம் வந்து நிற்க வேண்டும். தன் முரணின்மையைப் பியானோ எண்கணிதம் தானே நிறுவிக்கொள்ள முடியாது என்பது கோடலின் இரண்டாம் தேற்றம். ஆகவே, கோடலின் கூற்று உண்மை என்பதில் நமக்குள்ள உறுதி, முரணின்மையில் நமக்குள்ள உறுதியின் அளவே. இந்த நிபந்தனையை விட்டுவிட்டு, முறைமையால் நிறுவ முடியாததை மனிதர் அறிவதால் மனித மனம் இயந்திரத்தை வென்றுவிட்டது என்று முடிவுகட்டும் விளக்கங்களை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆயினும் இது வெறும் நம்பிக்கை அன்று என்பதற்கு, தன்னைச் சுட்டும் கூற்று எதுவும் இல்லாத ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓர் எண்ணை 2இன் அடுக்குகளின் கூட்டலாக, அடுக்கெண்களையும் அவ்வாறே விரித்து, எழுதுங்கள். அதிலுள்ள 2 ஒவ்வொன்றையும் 3 ஆக்கி, விடையிலிருந்து 1 கழியுங்கள், அடுத்து 3ஐ 4 ஆக்கி 1 கழியுங்கள், இப்படியே தொடருங்கள். 3இல் தொடங்கினால் 3, 3, 3, 2, 1, 0 என்று விரைவில் முடிந்துவிடும். 4இல் தொடங்கினாலோ 4, 26, 41, 60, 83 என்று ஏறிக்கொண்டே போகும். ஆனாலும் இறுதியில் 0ஐ அடையும். அதற்காகும் படிகளின் எண்ணிக்கையை எழுதவே 12 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் தேவை! எந்த எண்ணில் தொடங்கினாலும் தொடர் 0இல் முடியும் என்பதை, எல்லா இயல் எண்களுக்கும் அப்பால், முடிவிலியைக் கடந்தும் வரிசையைத் தொடரும் ‘வரிசையெண்களின்’ துணையோடு 1944இல் நிறுவினார் கூட்ஸ்டீன். பியானோ எண்கணிதத்தால் இத்தேற்றத்தை நிறுவ முடியாது என்று 1982இல் கிர்பியும் பாரிசும் காட்டினர். இங்கே உண்மை தெரிய வந்தது நிறுவலால்தான்; அந்த நிறுவல் வேறொரு, வலுவான முறைமையில் இருக்கிறது. 1936இல் பியானோ எண்கணிதத்தின் முரணின்மையைக் கென்ட்சன் நிறுவியதும் அத்தகைய வரிசையெண்களைக் கொண்டுதான்.

உங்கள் கேள்வியில் உள்ள ‘எந்தக் கணித முறைமையிலும்’ என்பதையும் திருத்த வேண்டும். அடிகோள் எது, எது அன்று என்பதை இயந்திரமுறையில் கண்டறிய முடிவதும், கூட்டல், பெருக்கல் இரண்டையும் கையாளப் போதிய வலுவுள்ளதும், முரணற்றதுமான முறைமைகளுக்கே முழுமையின்மை, அதாவது நிறுவவோ மறுக்கவோ முடியாத கூற்று இருத்தல், பொருந்தும். பெருக்கலை நீக்கி, கூட்டலை மட்டும் வைத்துக்கொண்ட இயல் எண் கணிதம் முழுமையானது. அதன் ஒவ்வொரு கூற்றையும் நிறுவவோ மறுக்கவோ முடியும் என்று 1929இலேயே பிரெஸ்பர்கர் காட்டிவிட்டார்.