பச்சை விளக்கு எரிந்தால் எர்த் சரி என்று அர்த்தமில்லை

மின்சாரக் காரைத் தினம் 40 கி.மீ. ஓட்டுகிறேன். வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமா?

வேண்டாம். அதற்கு ஆறேழு யூனிட் போதும். 15 ஆம்பியர் சாக்கெட்டில் 3.3 கிலோவாட் சார்ஜர் இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடும். எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் ஒயர், அது மட்டும் சரியாக இருக்கட்டும்.

எந்த சார்ஜர் வாங்கலாம்?

எந்தக் கார், வீட்டில் சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, ஒன்றுமே எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? முதலில் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜரைப் பாருங்கள், பேட்டரிக்கு ஏற்றுவது அதுதான். அது 3.3 என்றால் சுவரில் 7.2 மாட்டினாலும் 3.3தான் ஏறும்.

சார்ஜரில் எர்த் ஃபால்ட், அதாவது எர்த் சரியில்லை என்று காட்டியது. எலக்ட்ரீஷியன் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தையும் சேர்த்துவிட்டார், இப்போது பச்சை எரிகிறது. சரிதானே?

சரியே இல்லை. இன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் சாக்கெட்டைத் திறந்தால், நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குலச் சிவப்பு ஒயர்த் துண்டு. எர்த் ஒயர் வந்து சேரவே இல்லை. மீட்டர் பெட்டியிலோ கம்பத்திலோ நியூட்ரல் விட்டுப்போனால், எரிந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு விளக்கு வழியாக பேஸ் மின்சாரம் திரும்பி வந்து அந்தத் துண்டு வழியே கார் பாடியில் ஏறும். கார் ரப்பர் டயர் மேல் நிற்பதால் ஒன்றும் தெரியாது, மழை ஈரத்தில் வெறுங்காலோடு ஒரு பிள்ளை வந்து கதவைத் தொடும் வரைக்கும். சார்ஜர் காட்டியது கோளாறு அல்ல, எச்சரிக்கை. அதன் வாயை அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று காசு வாங்கிப் போகிறார்கள்! தனியாக எர்த் குழி போட்டு, அங்கிருந்து சாக்கெட் வரை தனி ஒயர் இழுங்கள். பிறகு காரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. சுத்தமாக பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே மறுபடி இரண்டையும் சேர்த்திருக்கலாம், சாக்கெட்டைத் திறந்து பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?

கூடாது. மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடினால் உருகிவிடலாம்.

ஒயர் என்ன அளவு?

செம்பில் 16 ஆம்பியருக்கு 4 சதுர மி.மீ., 32க்கு 6. முப்பது மீட்டர் தாண்டினால் அடுத்த பெரிய அளவு ஒயர் போடுங்கள். தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் அணைக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம். அப்புறம், மறுபடியும் சொல்கிறேன், எர்த் குழியை நேரில் போய்ப் பாருங்கள்.