சார்டீனியாவுக்குப் போன மோட்டார்ஹோம்: பிந்திய கப்பல், உரசிய லொறி, திரும்பக் கேட்க வேண்டிய பணம்

கேள்வி: டோர்ட்முண்டில் வசிக்கிறோம். ஜூலையில் வாடகை மோட்டார்ஹோம் எடுத்து, இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து சார்டீனியாவின் ஒல்பியாவுக்கு நான்கு பேர் ஃபெரியில் போனோம். ஒன்பது மணி நேரப் பயணம். இயந்திரக் கோளாறு என்று சொல்லி 6 மணி 40 நிமிடம் பிந்தித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போய்வர வாகனம், கேபின் எல்லாம் சேர்த்து 1,300 யூரோ கட்டியிருந்தோம். கம்பனி தந்தது 45 யூரோ வவுச்சர், அதுவும் ஆள் கட்டணத்தில் மட்டும் கால்பங்கு. அதை நாங்கள் வாங்கவில்லை. அக்டோபரில் கடிதம் போட்டபோது 'இரண்டு மாதக் கெடு முடிந்துவிட்டது' என்று பதில் வந்தது. போதாததற்குக் கப்பலின் வாகனத் தளத்தில் பக்கத்து லொறி உரசி, வெயில்மறைப்புப் பெட்டி உடைந்திருந்தது. அவசரப்படுத்தியதால் இறங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்தே அறிவித்தோம். வாடகைக் கம்பனி 1,500 யூரோவைப் பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் வண்டி நீளம் கூட என்று 96 யூரோவும், கடற்கரை வாகனத் தரிப்பிடத்தில் இரவு நின்றதற்கு அபராதமும் கட்டினோம். இதில் எதைத் திரும்பக் கேட்கலாம்?

பதில்: தாமதத்துக்கான பணம் உங்களுக்கு நிச்சயம் உண்டு. அதுவும் 45 யூரோ அல்ல, 325 யூரோ. கணக்கைப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 ஒழுங்குவிதி கடல்பயணிகளின் உரிமைகளைச் சொல்கிறது. பிரிவு 19-இன்படி, 8 மணி நேரத்துக்கு மேல் 24 மணி நேரம் வரையான பயணத்தில் கப்பல் 3 மணி நேரம் பிந்திச் சேர்ந்தால் பயணச்சீட்டு விலையில் 25 சதவீதம். தாமதம் அதன் இருமடங்கை, அதாவது 6 மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதம். நீங்கள் 40 நிமிடம் தாண்டியிருக்கிறீர்கள். இந்த 40 நிமிடத்தைக் கம்பனி மறுக்க முயலலாம். புறப்பட்ட நேரம் கணக்கில்லை, சேர்ந்த நேரம்தான் கணக்கு. ஒல்பியாவில் இறங்கியபோது எடுத்த படமோ, முதல் பெற்றோல் ரசீதோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

போய்வரும் சீட்டு என்றால் ஒரு வழிக்கு மொத்த விலையில் பாதி என்று அதே பிரிவு சொல்கிறது. 1,300-இல் பாதி 650, அதில் 50 சதவீதம் 325. ஆள் கட்டணத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போட்டதுதான் கம்பனி செய்த பிழை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 செப்டம்பர் 2 அன்று, ஐரிஷ் ஃபெரிஸ் வழக்கில் (சி-570/19), பயணி தெரிவுசெய்த கேபின், நாய்க்கூண்டு, சிறப்பு ஓய்வறை போன்றவற்றின் கட்டணமும் 'பயணச்சீட்டு விலை'யில் அடங்கும் என்று தீர்த்தது. தீர்ப்பு வாகனத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் நாய்க்கூண்டு அடங்கும்போது, நீங்கள் கப்பலில் ஏறியதற்கே காரணமான வாகனம் எப்படி அடங்காமல் போகும்? கடிதத்தில் இந்த வாதத்தை அப்படியே எழுதுங்கள்.

இரண்டு மாதக் கெடு என்ற பதிலும் அதே தீர்ப்பில் விழுந்துவிடுகிறது. பிரிவு 24-இன் இரண்டு மாதம் முறைப்பாட்டுக்கு உரியது. பிரிவு 19 இழப்பீட்டைக் கேட்க அந்தக் கெடு கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இயந்திரக் கோளாறும் பொதுவாகத் தப்புவழி ஆகாது. கப்பலின் பாதுகாப்பைக் கெடுக்கும் வானிலையோ, எவ்வளவு முயன்றாலும் தவிர்க்க முடியாத அசாதாரண நிகழ்வோ இருந்ததென்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பனியுடையது. கப்பலைப் பழுதுபார்த்து வைத்திருப்பது அவர்களுடைய அன்றாடத் தொழில். காரணத்தை அவர்களே மின்னஞ்சலில் எழுதித் தந்திருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம்; அதை அழித்துவிடாதீர்கள்.

வவுச்சர் வேண்டாம், பணமாக வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கேட்டால் பணமாகத்தான் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள். புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் பிந்தியபோது சாப்பாடு எதுவும் தராமல் நீங்களே வாங்கியிருந்தால், அந்த ரசீதுகளையும் இணையுங்கள்.

இனி லொறி உரசிய விடயம். இங்கேதான் கவனம் வேண்டும். இதற்குச் சட்டம் வேறு: 392/2009 ஒழுங்குவிதி, அதற்குள் ஏதென்ஸ் உடன்படிக்கை, அதாவது கடல்பயணிகளுக்கும் அவர்கள் உடைமைக்கும் கப்பல் கம்பனியின் பொறுப்பைச் சொல்லும் சர்வதேச ஒப்பந்தம். இத்தாலிக்குள்ளேயே ஓடும் வழித்தடம் என்றாலும், கரையைவிட்டுத் தொலைவில் ஓடும் ஏ, பி வகுப்புக் கப்பல்களுக்கு இது பொருந்தும். கப்பலில் ஏற்றிய வாகனத்துக்குச் சேதம் வந்தால், தன் தவறு இல்லை என்று கம்பனிதான் நிரூபிக்க வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. கப்பல் புறப்பட்டதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், நீங்கள் அங்கே நிற்க முடியாது. எவ்வளவு நெருக்கி நிறுத்துவது, எந்தச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, எந்த லொறியைச் சங்கிலியால் இறுக்குவது என்பதெல்லாம் அவர்கள் கையில்.

உங்கள் பலவீனம் அறிவித்தல். கண்ணுக்குத் தெரியும் சேதத்தை வாகனத்தைத் திரும்ப எடுக்கும்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்குத்தான் 15 நாள். உடைந்த பெட்டி கண்ணுக்குத் தெரிவது. அறிவிக்காவிட்டால் வாகனம் நல்ல நிலையில் கிடைத்தது என்று சட்டம் அனுமானிக்கும். ஆனால் அது மாற்றி நிரூபிக்கக்கூடிய அனுமானம்தான், உரிமை செத்துவிடவில்லை. வாகனத் தளத்துக்குள்ளேயே படம் எடுத்தீர்களா என்று கைபேசியில் தேடிப் பாருங்கள். தூணில் எழுதிய தள எண், ஒட்டி நிற்கும் லொறியின் பக்கம், உங்கள் பெட்டியில் படிந்த அதன் வர்ணம், படத்தின் நேரம் ஆகிய நான்கும் ஒரே படத்தில் இருந்தால் வழக்கு நிற்கும். வெளியே வந்தபின் எடுத்த படம் மட்டுமே என்றால் நிற்பது கடினம். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கொடுக்காதீர்கள், அதில் எடுத்த நேர விவரம் போய்விடும். மூலக் கோப்பைக் கொடுங்கள்.

ஒரு வாகனத்துக்கு உச்ச வரம்பு 12,700 சிறப்பு எடுப்பு உரிமை, அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு; ஏறத்தாழ 15,000 யூரோ. உங்கள் தொகை அதற்குள் அடங்கும். பயண நிபந்தனைகளில் எழுதியிருந்தால் கம்பனி 330 அலகு வரை, சுமார் 400 யூரோ, கழிக்கலாம். எழுதியிருக்கவில்லை என்றால் கழிக்க முடியாது. வழக்குப் போட இறங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு.

அதற்குமுன் வாடகைக் கம்பனியிடம் பழுதுபார்த்த கட்டணச்சீட்டைக் கேளுங்கள். 1,500 என்பது நீங்கள் ஏற்கும் உச்ச அளவு. பழுதுக்கு 900 செலவானால் மீதியை அவர்கள் திருப்பித் தர வேண்டும். வண்டி எடுத்த நாளின் ஒப்படைப்புப் பத்திரத்தில் அந்தப் பெட்டி பழுதில்லாமல் இருந்தது என்று பதிவாகியிருந்தால் அதையும் சேருங்கள்.

96 யூரோவை விட்டுவிடுங்கள். வாகனப் பதிவுப் பத்திரத்தின் 18-ஆம் கட்டத்தில் உள்ள நீளத்தை முன்பதிவில் போட்டிருப்பீர்கள். அதில் பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கி சேராது. ஃபெரி விற்பது தள இடத்தை. சைக்கிள் வரை அளப்பார்கள். உயரமும் அப்படித்தான், கூரையில் மாட்டிய ஏசியும் அன்டெனாவும் சேரும்.

கடற்கரை அபராதத்தைக் கட்டியபின் மேல்முறையீடு இல்லை. இத்தாலியப் போக்குவரத்துச் சட்டம் பிரிவு 185-இன்படி, சக்கரங்கள் மட்டும் தரையில் பட, கழிவுநீர் விடாமல், வண்டியின் அளவுக்கு மேல் இடம் பிடிக்காமல் நின்றால் அது 'நிறுத்தல்'தான், கூடாரம் அடித்தல் ஆகாது. ஊன்றுகாலை இறக்கினாலோ வெயில்மறைப்பை விரித்தாலோ கதை மாறிவிடும். அடுத்தமுறை அப்படியொரு சீட்டு வந்தால், கட்டாமல் 60 நாளுக்குள் அந்த மாகாணத்தின் பிரிஃபெட்டோவுக்கு, அதாவது அங்குள்ள மத்திய அரசின் பிரதிநிதிக்கு, எழுதலாம்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு தனிக் கடிதம்: ஒன்று தாமதத்துக்கு, ஒன்று சேதத்துக்கு. சேர்த்து எழுதினால் ஒன்றுக்கு மட்டும் பதில் தந்து மற்றதை மறந்துவிடுவார்கள். வங்கிக் கணக்கு எண்ணோடு, பெற்றவர் கையொப்பம் உங்களுக்குத் திரும்பி வரும் ஐன்ஷ்ரைபனில் (ஜெர்மன் பதிவுத் தபால்) அனுப்புங்கள். 60 நாளில் சரியான பதில் இல்லையென்றால் டூரினில் உள்ள போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையத்துக்கு முறையிடலாம். அது கம்பனிக்கு அபராதம் போடும் அமைப்பு. உங்கள் பணத்தைத் தீர்ப்பாகத் தராது. அதன் இணையவழிச் சமரசத்தை முதலில் முயன்றுவிட்டு, 5,000 யூரோ வரையான ஐரோப்பிய சிறு உரிமைக்கோரல் நடைமுறையின் 'ஏ' படிவத்தை இத்தாலிய மொழியில் நிரப்பி இத்தாலிய நீதிமன்றத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சட்டத்தரணி கட்டாயமில்லை.