கரண்டு இல்லாத தீவில் குடும்பத்தோடு: நம்ம ஊர்க்காரர்கள் கேட்டதும் என் பதிலும்

போன பனிக்காலத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அந்தமானின் ஷாகித் தீவில், மின் இணைப்பே இல்லாத ஓலைக்குடிசையை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். 2018 வரை நீல் தீவு என்றிருந்த இடம்தான் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

வள்ளியூர் தம்பி: கரண்டு இல்லாமல் எப்படி அண்ணாச்சி?

எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்கிறீர்கள், ஆனால் அது சின்ன விஷயம் தம்பி. 100 வாட் சோலார் பலகை ஒன்று நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 400 வாட்மணி, அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவாகத் தரும். 5 வாட் பல்புகள் நாலும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 100 போகும், 25 வாட் டிசி ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 200, மிச்சத்தில் போன் சார்ஜ். மிக்ஸி, ஃபிரிட்ஜ் நினைப்பை விட்டுவிட வேண்டும். இன்னொன்று, அந்தமான் நம்மைவிட ஏறக்குறைய 15 பாகை கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், அதனால் சமையலை அதற்கு முன்பே முடித்துவிடுவோம்.

திசையன்விளை அக்கா: குடிதண்ணீர் கிடைக்குமா? எங்க பக்கம் கிணறெல்லாம் உப்பாகிக் கிடக்கு.

சரியான கேள்வி அக்கா, அங்கே தங்க முடியுமா முடியாதா என்பதே இதில்தான் இருக்கிறது. அந்தமானில் வருடத்துக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் மழை, நமக்குக் கிடைப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் மழை இல்லை, வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வருவதும் அப்போதுதான், அதனால் மழைநாட்டிலேயே தண்ணீர்த் தட்டுப்பாடு வரும். திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தீவுகளில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும். வாளியால் இறைத்தால் மெல்ல ஊறிக் கொடுக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் அந்தக் கிணறு தேறப் பல மழை வேண்டும். இதைச் செய்கிற விடுதியில் தங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். டிசம்பர் முதல் வாரங்களில் மழை எட்டிப்பார்த்தால் பிடித்து வையுங்கள். 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர் வரை கிடைக்கும், முதலில் வடிகிற அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். ஓலைக்கூரைத் தண்ணீர் கறுத்து வரும், அது பாத்திரம் கழுவத்தான்.

அம்பாசமுத்திரம் தங்கச்சி: சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

நம்ம சொதி தீவுக்கென்றே பிறந்தது போல இருந்தது! தேங்காய்க்குப் பஞ்சமில்லை, பாசிப்பருப்பைக் கொண்டுபோயிருந்தோம், காய்கறி தீவிலேயே விளைகிறது. தேங்காய்ப்பால் வைத்த குழம்பு மட்டும் அன்றைக்கே காலியாகிவிட வேண்டும். காலையில் வாங்குகிற மீனைப் புளி தூக்கலாக வைத்தால் மறுநாள் காலை வரை நிற்கும். கருப்பட்டியையும் உப்பையும் இறுக்கமான டப்பாவில் வைக்காவிட்டால் ஈரக்காற்றில் கசிந்துவிடும்.

சங்கரன்கோவில் தம்பி: ஆளே இல்லாத தீவில் கூடாரம் போடலாமா?

கூடாது தம்பி. அந்தத் தீவுகள் பெரும்பாலும் காப்புக்காடு, இல்லையென்றால் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்துமீறி நுழைவது குற்றம். நம் ஆசைக்காக அந்த மக்களுக்கு ஒரு சளிக்காய்ச்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பதை நினைத்தாலே மனசு ஆறவில்லை. சிப்பி, பவளத் துண்டையும் எடுத்துவராதீர்கள், விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

பாளையங்கோட்டை அக்கா: பிள்ளைகளுக்குப் பயமில்லையா?

பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல. பெரிய பூரான்கள் உண்டு, செருப்பையும் போர்வையையும் உதறிவிட்டுத்தான் தொட வேண்டும். கொசுவலை கட்டாயம். சதுப்புக்காடும் ஓடையும் கடலோடு சேருகிற இடங்களில் உவர்நீர் முதலை வரலாம், அங்கே குளிக்கவே வேண்டாம். தென்னைக்கு அடியில் தொட்டில் கட்டாதீர்கள். முக்கியமானது, பெரிய சிகிச்சை என்றால் அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) இருக்கிற ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் படகில் போக வேண்டும், கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இழுப்பு, வலிப்பு இருக்கிற பிள்ளை என்றால் படகு அடிக்கடி ஓடுகிற இடமாகப் பார்த்துத் தங்குங்கள், அல்லது பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

தென்காசி அண்ணன்: கப்பலா, விமானமா?

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் அளவு ஆகும், விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சின்னப் பிள்ளைகளோடு விமானமே நல்லது அண்ணே. கேஸ் சிலிண்டரையும் ஆசிட் பேட்டரியையும் ஏற்றமாட்டார்கள், அவற்றை அங்கேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள்.