ஜெர்மனியில் படிக்கும்போது வார இறுதிகளில் ஒரு நகரத்தின் வரலாற்றை உருப்படியாகப் பார்ப்பது எப்படி?

லைப்ஸிக்கில் மாஸ்டர்ஸ் படிப்பதாகவும், இரண்டு நாளில் பெர்லினை முடித்துவிட்டு அடுத்த வாரம் பிராக் போகத் திட்டம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெர்லின் இரண்டு நாளில் முடிகிற ஊர் இல்லை. இரண்டு வருடம் பக்கத்திலேயே இருக்கப்போகிறவர் முடிக்கவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெர்னாவர் ஸ்ட்ராஸே.

முதலில் ரயில். நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டோ அதன் மாணவர் வடிவமோ கையில் இருந்தால் ஆர்இ, ஆர்பி என்ற உள்ளூர் ரயில்கள், எஸ்-பான் (புறநகர் ரயில்), யு-பான் (மெட்ரோ), டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் அது செல்லாது. புதிதாக வருபவர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இங்கேதான். செயலியில் தேடும்போது 'உள்ளூர் ரயில்கள் மட்டும்' என்ற வடிகட்டியைப் போட மறக்காதீர்கள். லைப்ஸிக்கிலிருந்து ஐசிஇயில் ஒன்றேகால் மணி நேரம்; உள்ளூர் ரயிலில் ஒருமுறையாவது மாறி ஏறி, இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும்.

பெர்லினில் எஸ்-பான் நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள். இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். பெர்லின் சுவர் நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த காலத்தில் மேற்கு பெர்லின் ரயில்கள் கிழக்குப் பகுதிக்கு அடியில் நிற்காமலே கடந்து போன 'பேய் நிலையங்களில்' இதுவும் ஒன்று. அதைப் பற்றிய கண்காட்சி நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே வந்ததும் எதிரில் பார்வையாளர் மையம். அங்கிருந்து மவுவர்பார்க் பக்கமாக ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் நினைவிடம். எதற்கும் கட்டணம் கிடையாது. மையமும் ஆவணக் கட்டடமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். திறந்தவெளிப் பகுதிக்கு எல்லா நாளும் போகலாம்.

இந்தத் தெருவைத்தான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லைக்கோடு இங்கே வீட்டு வாசலிலேயே ஓடியது: வீடுகள் கிழக்கில், நடைபாதை மேற்கில். 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி எல்லையை அடைத்தபின், மக்கள் தங்கள் ஜன்னல் வழியாகவே இன்னொரு நாட்டுக்குள் குதித்தார்கள். பிறகு அந்த ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தார்கள், வீடுகளையும் இடித்தார்கள். இப்போது சுவர் இல்லாத இடங்களில் துருவேறிய எஃகுக் கம்பிகள் வரிசையாக நிற்கும். சுவர் நின்ற கோடு அதுதான். தோண்டித் தப்பிய சுரங்கங்களின் தடத்தையும் தரையில் குறித்திருக்கிறார்கள். 1964 அக்டோபரில் 57 பேர் தப்பிய சுரங்கம் அவற்றில் ஒன்று.

நடுவில் சமரச தேவாலயம் இருந்த இடம் வரும். 'மரணப் பட்டை' எனப்பட்ட காவல் நிலப்பகுதிக்குள் அகப்பட்ட பழைய தேவாலயத்தை 1985-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நான்கே ஆண்டில் சுவரே போய்விட்டது. 2000-இல் அங்கே எழுந்த சிறிய ஆலயம் இடித்து இறுக்கிய மண்சுவரால் ஆனது. ஆவணக் கட்டடத்தின் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால்தான் 'சுவர்' என்பது ஒரு சுவர் இல்லை என்பது புரியும்: முன்சுவர், பின்சுவர், நடுவே காவல் பட்டை. இதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளிப்பகுதியை முதலில் முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

அந்தப் பின்சுவர் விஷயம் தெரிந்தால், அதன் மிச்சத்தில் ஓவியங்கள் வரைந்த ஈஸ்ட் சைடு கேலரியில் ஏமாற மாட்டீர்கள். அங்கே ஓவியங்கள் இருப்பது கிழக்கைப் பார்த்த பக்கத்தில். சுவர் காவலில் இருந்தவரை அந்தப் பக்கம் யாராலும் தூரிகையோடு நெருங்கியிருக்க முடியாது. அவை 1990-இல் வரைந்தவை. பழைய எல்லைச் சாவடியான செக்பாயின்ட் சார்லியில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் காவல் கூண்டும் நகல்தான். அதற்கு ஒரு மதியத்தைக் கொடுப்பது வீண் என்பேன். அங்கிருந்து சில நிமிட நடையில் 'பயங்கரத்தின் நிலவியல்' ஆவண மையம் இருக்கிறது. நாஜி ஆட்சியின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ, அதன் எஸ்எஸ் படை ஆகியவற்றின் தலைமையகங்கள் இருந்த மனை அது. இலவசம், திங்கட்கிழமையும் திறந்திருக்கும்.

தெருவில் நடக்கும்போது கீழேயும் பாருங்கள். நாஜிகளுக்குப் பலியானவர்களின் நினைவாக, நடைபாதையில் 10 சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருக்கும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கியது இது. 'ஹியர் வோன்ட' என்றால் 'இங்கே வாழ்ந்தார்'. அடுத்து பெயர், பிறந்த ஆண்டு. 'டெபோர்டியர்ட்' நாடு கடத்தப்பட்ட ஆண்டு, 'எர்மோர்டெட்' கொல்லப்பட்டார். இந்த நாலு சொல் போதும், லைப்ஸிக் தெருக்களிலும் இவற்றைப் படித்துவிடலாம்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கிளம்பாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அருங்காட்சியகங்கள் இலவசம் என்ற பெர்லின் திட்டம் 2024 முடிவோடு நின்றுவிட்டது. பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரிலிருந்து புதுப்பிப்புக்காக மூடிக்கிடக்கிறது. கட்டணப் பலகையில் 'எர்மேஸிக்ட்' என்பது சலுகை விலை; மாணவர் அட்டையைக் கேட்காமலே நீட்டுங்கள். நாடாளுமன்றக் கூரையின் கண்ணாடிக் குவிமாடம் இலவசம், ஆனால் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து இணையத்தில் முன்பதிய வேண்டும். பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும் என்பதால் சாப்பாட்டைச் சனியே வாங்கிவிடுங்கள், அல்லது பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி.

பிராக்குக்கு முன்னால் ஒரு நாள் ஹாலே போய் வாருங்கள். லைப்ஸிக்கிலிருந்து எஸ்-பானில் அரை மணிக்குச் சற்று மேல், உங்கள் டிக்கெட்டே போதும். 1698-இல் பிராங்கே என்ற மதகுரு தொடங்கிய அநாதை இல்ல வளாகம் இங்கேதான் இருக்கிறது. ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மதபோதகர் சீகன்பால்கு. அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் இதே ஹாலேயில் அச்சானது. அநாதை இல்லக் கட்டடத்தின் மேல் மாடியில் 18-ஆம் நூற்றாண்டு விந்தைப் பொருள் அறை இன்றும் இருக்கிறது. வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் உண்டு. அவற்றைப் பார்க்க வேண்டுமானால், எதற்காக என்ற காரணத்தோடு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். நேரே போய் நின்றால் எடுத்துக் காட்ட மாட்டார்கள்.