கேளுங்கள் டாக்டரம்மாவிடம்: படிவத்தை ஒரு ராத்திரி வீட்டில் வையுங்கள்

என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் காசநோய். மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார். மாமியார் அவரை மூன்றாங்கட்டு அறையில் தனியாக வைத்து, தட்டு டம்ளரையும் ஒதுக்கிவிட்டார். பிள்ளைகளை எட்டிப் பார்க்கவும் விடுவதில்லை. இது எத்தனை நாளைக்கு?
*வாசகி, கானாடுகாத்தான்*

தட்டையும் டம்ளரையும் இன்றைக்கே உள்ளே எடுத்து வந்துவிடுங்கள், தங்கச்சி. காசநோய் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. இருமும்போது காற்றோடு வருகிறது. மருந்து சரியாக வேலை செய்தால் சில வாரங்களிலேயே தொற்றும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் டாக்டர் சளியைப் பார்த்துச் சொல்லும்வரை ஜன்னல் திறந்த அறையில் படுக்கட்டும், இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும், அது போதும். ஆனால் ஒன்றைத் தள்ளிப் போடாதீர்கள்: வீட்டில் இருக்கும் எல்லோரையும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதியுங்கள். நோய் வராமலிருக்கவே மாத்திரை கொடுப்பார்கள்.

உங்கள் கடிதத்தை நான் நாலு முறை படித்தேன். 1964-ல் எனக்கு ஏழு வயது. அப்பாவின் தங்கை, கல்யாணமாகி ஒரு வருடத்தில் இருமலோடு திரும்பி வந்துவிட்டார். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் வைத்தார்கள். அப்பத்தா பித்தளைத் தட்டை நிலைப்படியில் வைத்து, கதவை மூன்று தடவை தட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அத்தையின் கை மட்டும் வெளியே நீளும். அந்தக் கையில் வளையல் முழங்கைவரை நழுவும். அதற்கடுத்த ஆடியில் அத்தை போய்விட்டார்.

அந்தக் கதவு மூடியிருக்கத் தேவையே இல்லை என்று அதற்கு ஐந்து வருடம் முன்பே நிரூபித்தாகிவிட்டது. அதுவும் எங்கோ இல்லை, எங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில், சென்னையில்! 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து அங்கே ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகளோ ஏராளம், சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் கட்டிலோ கொஞ்சம். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்பதுதான் கேள்வி. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்துப் பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, அரைகுறைச் சாப்பாடு, ஓய்வும் கிடையாது. மாத்திரையைச் சாப்பிடுகிறார்களா என்று திடீரென்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்ப்பார்கள், சிறுநீரைப் பரிசோதிப்பார்கள். 1959-ல் முடிவு வெளியானபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியக்காரர்கள் அளவுக்கே குணமாகியிருந்தார்கள். கூடவே இருந்த மனைவி மக்களுக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்தச் சென்னை ஏழைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவர்களை நினைத்து உங்கள் மாமியாரிடம் தைரியமாகப் பேசுங்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி மகனுக்குக் காசநோய். சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் ஒரு ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். என் தம்பியோ, "நம்ம பிள்ளை என்ன எலியா?" என்று சண்டை போடுகிறான். கையெழுத்துப் போடலாமா, கூடாதா?
*வாசகி, தேவகோட்டை*

உங்கள் தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் புதிதாக வேலையில் சேர்ந்த காலத்தில், ஊர் பேர் வேண்டாம், ஒரு தடுப்பூசி ஆய்வுக்கு உதவியாகப் போனேன். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மாவுக்கு, யாரும் ஒரு வரிகூடப் படித்துக் காட்டும் முன்பே, கட்டைவிரலில் ஊதா மை தடவியாகிவிட்டது. இடுப்பில் குழந்தை. மை பட்ட விரலைக் குழந்தைமேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "எங்கம்மா வைக்கணும்?" என்று என்னைக் கேட்டார். நான் இடத்தைக் காட்டினேன். நாற்பது வருடமாக அது எனக்கு ஆறவில்லை.

இன்று சட்டம் வேறு. 2019-ன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். கையெழுத்தான படிவத்தின் பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகிவிடலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வினால் உடம்புக்குத் தீங்கு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு.

ஆகவே தம்பி மகனிடம் சொல்லுங்கள்: படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும், ஒரு ராத்திரி அது வீட்டில் இருக்கட்டும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மறுநாள் போய், "சீட்டில் எனக்குப் பழைய மருந்து விழுந்தால் என்ன, புதுசு விழுந்தால் என்ன? புது மருந்து காதை, ஈரலை, கண்ணைத் தொடுமா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாந்தி வந்தால் யாருக்குப் போன் பண்ணுவது? ஆய்வு முடிந்தபின் இதே மருந்து எனக்கும் என் ஊருக்கும் கிடைக்குமா?" என்று கேட்கட்டும். ஆய்வை அனுமதித்துக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் படிவத்திலேயே இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் கேளுங்கள். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் நடத்துகிறார்கள், யார் பணம் என்பதெல்லாம் தெரியும். பதில் சொல்ல முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம். பொறுமையாக உட்கார்ந்து சொல்கிற இடமென்றால், நான் என் பிள்ளைக்கே சரி என்பேன்.

காதை ஏன் கேட்கச் சொன்னேன் தெரியுமா? மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை வருடத்துக்கு மேல் சிகிச்சை, கூடவே மாதக்கணக்கில் ஊசி. அந்த ஊசி பலருடைய காதைச் செவிடாக்கியது. தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான், பெலாரஸ் நோயாளிகள் ஆய்வுகளில் சேர்ந்ததால்தான் ஊசியே இல்லாத ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது.

பணம் ஐரோப்பாவுடையது, உடம்பு ஆப்பிரிக்காவுடையது. இதைப் போய் "ஆய்வுக் கூட்டு" என்று எப்படிச் சொல்கிறார்கள்?
*ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கோட்டையூர்*

ஐயா, நம் ஊரில் கூட்டுக் கணக்கு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவில் கடை வைத்த காலத்தில் முதல் போட்டவர் இங்கே இருப்பார், கடையில் உட்கார்ந்தவர் அங்கே இருப்பார். ஐந்தொகை எழுதி இருவரும் பார்த்தால்தான் அது கூட்டு. ஆய்வையும் அப்படித்தான் நான் பார்க்கிறேன். கேள்வியைத் தேர்ந்தெடுத்தது யார், பலன் யார் வீட்டுக்குப் போனது என்று கணக்குக் கேட்க வேண்டும்.

நீங்கள் சொல்வது 2003-ல் ஐரோப்பிய நாடுகளும் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளும் சேர்ந்து தொடங்கிய ஆய்வுக் கூட்டைத்தான் என்று நினைக்கிறேன். எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றும்தான் அதன் முதல் வேலை. ஏழைக்கு வரும் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தால் கம்பெனிக்கு லாபம் இல்லை, அதனால் யாரும் தொடுவதில்லை. அந்தப் பள்ளத்தைத் தூர்க்கத்தான் இப்படிப்பட்ட கூட்டுகள். ஒரே ஒரு உதாரணம். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கு அப்போது தோதான மாத்திரை இல்லை, பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுத்தார்கள். அருவாமனையில் மாத்திரையை நறுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு துண்டு பெரிதாகும், ஒன்று பொடியாகும். குழந்தைக்கு ஒருநாள் மருந்து கூடும், ஒருநாள் குறையும். அந்தக் கூட்டின் உதவியோடு ஜாம்பியாவில் நடந்த ஆய்வில், மும்பையின் சிப்லா மருந்துக் கம்பெனி செய்த குழந்தைகள் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்தும் ஒன்றாகச் சேர்ந்தது, எடைக்கு ஏற்ப இரண்டு அளவு. ஜாம்பியா குழந்தைக்கு என்ன தேவையோ அதுவே அங்கே கேள்வியாக இருந்தது. இதைக் கூட்டு என்று நான் மனசாரச் சொல்வேன்.

மலேரியாவுக்கான ஆர்21 தடுப்பூசியும் அப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி, புர்கினா ஃபாஸோ, மாலி, கென்யா, தான்சானியா குழந்தைகளிடம் சோதித்து, புனே சீரம் நிறுவனத்தில் தயாராகிறது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது.

நம் வீட்டுக் கணக்கையும் பாருங்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்தின் கிருமி வகை டில்லிப் பச்சைக் குழந்தைகளிடம் கிடைத்தது. டில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. அமெரிக்கப் பணமும் உண்டு, நம் அரசின் பணமும் உண்டு. 2017 முதல் தமிழ்நாட்டில் ரோட்டா சொட்டு மருந்து இலவசம். உங்கள் பேரப்பிள்ளைக்கு ஆறாவது வாரத்தில் ஐந்து சொட்டு விட்டிருப்பார்களே, அதில் வேலூர்க் குழந்தைகளின் பங்கு இருக்கிறது.

ஆய்வு முடிந்ததும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போய்விட்ட கூட்டங்களும் உண்டு. அங்கே உங்கள் கோபம் முழுக்கச் சரி, ஐயா.

ஆய்வில் சேர்ந்தால் பணம் தருவார்களாமே, எவ்வளவு?
*வாசகர், கல்லல்*

போக்குவரத்துச் செலவும், அன்றைய கூலி போனதற்கு ஈடும் தரலாம். அது எவ்வளவு என்பதை நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய தொகையைக் காட்டி யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், தம்பி. கடன் அடைக்க வழி என்று நினைத்தால் வேண்டவே வேண்டாம்.

காசநோய்க்காரர் வீட்டில் மற்றவர்களுக்குத் தனிச் சாப்பாடு தேவையா?
*வாசகி, குன்றக்குடி*

தேவை. இதற்கும் ஆய்வுதான் சாட்சி. ஜார்க்கண்டில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து நடத்திய ஆய்வில், நோயாளிகளோடு வாழ்ந்த 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நோயாளிக்கு எல்லா வீட்டிலும் உணவு கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள். எந்த மருந்துக் கம்பெனியும் விற்க முடியாத மருந்து!

நோயாளிக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, வங்கிக் கணக்கைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதை அவருக்கு மட்டும் ஹார்லிக்ஸ் வாங்கிச் செலவழிக்காதீர்கள். தினம் ஆளுக்கொரு முட்டை, ஒரு கை பாசிப்பயறோ தட்டைப்பயறோ, வறுத்த வேர்க்கடலை. முட்டை சாப்பிடாத வீடென்றால் பருப்பை இரட்டிப்பாக்குங்கள். பெண்கள் கடைசியில் சாப்பிடும் வீடாக இருந்தால், உங்கள் தட்டில் முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.